பழைய சீனமும் புதிய சீனமும்: காமிரா காட்டுவதும் மறைப்பதும்



இந்தப் படத்தை நீங்கள் எங்கேனும் கண்டிருப்பீர்கள். விடிந்தும் விடியாத வேளை. பனி படர்ந்த ஆற்றின் நடுவே ஒரு மூங்கில் தெப்பம். அதன்மீது வெண்தாடி வைத்த முதியவர் ஒருவர் நிற்கிறார். தலையில் கூம்பு வடிவத் தொப்பி, தோளில் நார் மேலங்கி, கையில் ஒரு விளக்கு. தெப்பத்தின் நுனியில் நீர்க்காகங்கள் இரண்டு அமர்ந்திருக்கின்றன. பின்னணியில் குத்துக்குத்தாக எழுந்து நிற்கும் மலைகள். நாட்காட்டிகளிலும், பயண நிறுவனங்களின் சுவர்களிலும், இப்போது கைத்தொலைபேசித் திரைகளிலும் இந்தப் படம் வலம் வந்துகொண்டேயிருக்கிறது. காலம் தீண்டாத சீனம் என்ற பொருளில் அதன் கீழே ஒரு வாசகமும் பெரும்பாலும் இருக்கும்.

இடம், தென்சீனத்தின் குவாங்சி பகுதியில் குய்லின் நகரை ஒட்டி ஓடும் லீ ஆறு. நீர்க்காகத்தைப் பழக்கி மீன் பிடிப்பது அங்கே மெய்யாகவே தொன்றுதொட்டு நடந்து வந்த தொழில்தான். பறவையின் கழுத்தில் ஒரு கயிற்றைத் தளர்வாகக் கட்டிவிடுவார்கள். சிறு மீன் தொண்டையில் இறங்கிவிடும். பெரிய மீன் இறங்காது. அதை மீனவர் வாங்கிக்கொள்வார். பறவைக்கும் கூலி, மனிதனுக்கும் உணவு. ஆனால் இன்று அம்முதியவர் மீனுக்காக ஆற்றில் நிற்கவில்லை; படத்துக்காக நிற்கிறார். அதற்குக் கட்டணம் உண்டு. வலையை வீசச் சொன்னால் வீசுவார். விளக்கை உயர்த்தச் சொன்னால் உயர்த்துவார்.

கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாநிலத்தின் சியாபூ என்னும் பகுதியில் இது இன்னும் விரிவாக நடக்கிறது. பெரிய ஆலமரங்களின் கீழே விவசாயி ஒருவர் எருமையை ஓட்டிக்கொண்டு வருவார். மரக்கிளைகளின் ஊடே காலைக் கதிர் சாய்ந்து விழும். கதிர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக வைக்கோலைக் கொளுத்திப் புகை எழுப்புவார்கள். எருமை உழுவதற்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி, அடுத்த கூட்டத்தாருக்காக மீண்டும் நடந்து வரும்.

இவர்களை நாம் பழிக்க வேண்டியதில்லை. அந்த முதியவர் செய்வது நேர்மையான கூலி வேலை. வெயிலில் வலை இழுப்பதைவிட இதில் வருவாய் மிகுதியென்றால் அவர் அதைத்தானே தேர்ந்தெடுப்பார்? நமக்குக் குறையெல்லாம் படத்தின் கீழே எழுதப்படும் வாசகத்தைப் பற்றியதே. காலம் தீண்டாதவர் என்று சொல்லப்படும் மனிதரைத்தான் காலம் முழுமையாகத் தீண்டியிருக்கிறது: மீனவராக இருந்தவர் மீனவராக நடிப்பவராகிவிட்டார். படமெடுத்தவர் தம் காமிராவைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, கரையில் வரிசையாக நிற்கும் முக்காலிகளையும், அவற்றின் பின்னே குனிந்து நிற்கும் மனிதர்களையும் சேர்த்து எடுத்திருந்தால், பழைய சீனமும் புதிய சீனமும் ஒரே படத்தில் உண்மையாகவே அகப்பட்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு படம் ஷாங்காயில் எடுக்கப்படுகிறது. ஹுவாங்பூ ஆற்றின் மேற்குக் கரையில் கல்லாலான கம்பீரமான பழைய கட்டடங்கள். எதிர்க்கரையில் பூடோங் பகுதியின் வானளாவிய கோபுரங்கள். 1990-ஆம் ஆண்டில் பூடோங்கை வளர்ப்பதென்று அரசு அறிவித்தபோது அங்கே பெரும்பாலும் கிடங்குகளும் தொழிற்கூடங்களும் வயல்களும்தான் இருந்தன. 1994-இல் 468 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. 2015-இல் 632 மீட்டர் உயரத்தில் ஷாங்காய்க் கோபுரம் நிறைவுற்றது. கால் நூற்றாண்டில் ஒரு கரை அடையாளம் தெரியாமல் மாறிப்போயிற்று.

மேற்குக் கரையைப் பழமை என்றும் கிழக்குக் கரையைப் புதுமை என்றும் காட்டுவது எளிது. ஆயினும் அந்தப் பழைய கட்டடங்கள் எவை என்று கேட்டுப் பாருங்கள். ஐரோப்பிய வங்கிகளும் வணிக நிறுவனங்களும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவை. ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் கட்டடம் 1923-இல் எழுந்தது. பச்சைக் கூம்புக் கூரை கொண்ட விடுதி 1929-இல் எழுந்தது. அன்றைய சீனக் கிழவர் ஒருவர் அவற்றை நின்று பார்த்திருந்தால், இந்த அந்நியப் புதுமை எங்கிருந்து வந்தது என்றுதான் திகைத்திருப்பார். எது பழையது, எது புதியது என்பது நாம் எந்த ஆண்டில் நின்றுகொண்டு பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அப்படியானால் ஒரு தேசத்தின் பழைய வாழ்வும் புதிய வாழ்வும் மோதுவதைப் படமெடுக்கவே இயலாதா? இயலும். இயன்றிருக்கிறது. அதைச் செய்தவர்கள் சிலரைப் பற்றி அறிந்துகொண்டால், இனி வரும் படங்களை நாம் பார்க்கும் விதமே மாறக்கூடும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1868-இல் ஹாங்காங்கில் ஒரு நிழற்படக்கூடம் வைத்து, அங்கிருந்து சீனத்தின் உட்பகுதிகளுக்குப் பயணம் செய்தார். அந்நாளில் படமெடுப்பது கண்ணாடித் தகட்டில். தகட்டின்மீது மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் விட வேண்டும். ஆகவே இருட்டறைக்கு வேண்டிய கூடாரத்தையும் கண்ணாடிகளையும் மருந்துப் புட்டிகளையும் கூலியாட்கள் சுமந்து சென்றார்கள். 1873, 1874-ஆம் ஆண்டுகளில் அவர் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் 200 படங்கள் உள்ளன. இளவரசரும் இருக்கிறார், தெருவோரத் தொழிலாளியும் இருக்கிறார். ஆயினும் அவர் பார்வை வெளியே இருந்து வந்தவரின் பார்வை. மனிதர்களை வகைப்படுத்திக் காட்டும் ஆவல் அதில் மேலோங்கி நிற்கிறது.

இவரைவிட நம் நெஞ்சுக்கு நெருக்கமானவர் அமெரிக்கரான சிட்னி கேம்பிள். உலகெங்கும் பெயர் பெற்ற ஒரு சோப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரின் பேரன். பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவர் 1917-க்கும் 1932-க்கும் இடையே மூன்று முறை சீனத்தில் நீண்ட காலம் தங்கி, மக்களின் வாழ்க்கையை ஆராய்வதில் ஈடுபட்டார். ஏறத்தாழ 5,000 படங்கள் எடுத்தார். 1919-இல் பீகிங் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும், 1925-இல் சுன் யாட்சென்னின் இறுதி ஊர்வலமும், ஒட்டகக் கூட்டமும், தெருவில் உணவு விற்பவரும் அவற்றுள் உண்டு.

கேம்பிளிடம் நமக்குப் பிடித்தது இன்னொன்று. அவர் காமிராவோடு கணக்கேட்டையும் கையில் வைத்திருந்தார். பீகிங் நகரின் 283 குடும்பங்கள் மாதந்தோறும் எவ்வளவு ஈட்டின, எதற்கு எவ்வளவு செலவிட்டன என்பதை ஆராய்ந்து 1933-இல் ஒரு நூலே வெளியிட்டார். உணவுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, அடுப்புக்கும் விளக்குக்கும் இவ்வளவு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் இவ்வளவு. ஒரு சவ ஊர்வலத்தின் அழகைப் படமெடுப்பவர் பலர். அந்த ஊர்வலத்துக்காக அந்தக் குடும்பம் எவ்வளவு கடன் வாங்கியிருக்கும் என்று கேட்பவர் அரியர். இல்லத்தரசிகளாகிய நம் சகோதரிகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அவர் 1968-இல் மறைந்தார். அவருடைய நெகடிவ்கள் வீட்டில் ஓர் அலமாரிக்குள் கிடந்து, 1984-இல்தான் குடும்பத்தார் கண்ணில் பட்டன. இன்று அவை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அந்நிய நாட்டு அலமாரியில் கிடந்தவை தப்பிப் பிழைத்தன. சீனர்களின் சொந்த வீட்டு அலமாரியில் இருந்தவற்றுக்கு நேர்ந்த கதியோ வேறு. 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியின்போது பழைய சிந்தனை, பழைய பண்பாடு, பழைய வழக்கம், பழைய பழக்கம் ஆகிய நான்கையும் ஒழிக்க வேண்டும் என்ற முழக்கம் எழுந்தது. பட்டாடை அணிந்த பாட்டனாரின் படம், மேலைநாட்டு முறையில் எடுத்த கல்யாணப் படம், பழைய ராணுவ உடையில் இருக்கும் சிற்றப்பாவின் படம் ஆகிய எது வேண்டுமானாலும் குடும்பத்தின்மீது குற்றச்சாட்டாகத் திரும்பலாம். ஆகவே பலர் தம் வீட்டுப் படங்களைத் தாமே இரவோடிரவாக எரித்தார்கள், முகங்களை வெட்டியெடுத்தார்கள். இன்று அந்நாட்டில் அறுபது எழுபது வயதைக் கடந்தவர்களிடம் பெற்றோரின் இளமைக்காலப் படம் இருக்கிறதா என்று கேட்டால், பலர் இல்லை என்று சொல்வதன் காரணம் இதுதான்.

அந்நாட்களைப் படமெடுத்தவர் லீ ஷென்ஷெங். ஹார்பின் நகரில் மாநில நாளேடு ஒன்றின் நிழற்படக்காரர். மகிழ்ச்சியான கூட்டம், உயர்த்திய கை, புன்னகைக்கும் முகம் ஆகியவையே அச்சேறும். கோயிலில் புகுந்து சிலைகளை உடைப்பது, முதியவர்களைத் தலை குனிய வைத்துக் கூட்டத்தின் நடுவே இழிவுபடுத்துவது ஆகியவற்றையும் அவர் எடுத்தார். ஆனால் வெளியிட இயலாது. அந்த நெகடிவ்களைத் தம் வீட்டுத் தரைப்பலகையை அறுத்து அதன் அடியில் மறைத்து வைத்தார். அவை முழு நூலாக உலகின் பார்வைக்கு வந்தது 2003-இல். அவர் 2020-இல் மறைந்தார். பழைமை எவ்வாறு அழிந்தது என்பதற்கு நமக்கு இன்று கண்கூடான சான்று இருக்கிறதென்றால், அது ஒரு மனிதர் தம் உயிரைப் பணயம் வைத்துக் காத்த பிலிம் சுருள்களால்தான்.

அடுத்த அழிவு முழக்கத்தோடு வரவில்லை, இயந்திரத்தோடு வந்தது. பெய்ஜிங் நகரின் குறுகிய சந்துகளை ஹூடோங் என்பார்கள். நான்கு பக்கமும் அறைகள் சூழ, நடுவே முற்றம் வைத்துக் கட்டிய வீடுகள் அச்சந்துகளின் இருமருங்கிலும் இருந்தன. சூ யோங் என்ற நிழற்படக்காரர் இவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, 101 படங்கள் கொண்ட நூலாக 1990-இல் வெளியிட்டார். பனி பெய்த சந்து, மழையில் நனைந்த கதவு, சாய்ந்த சுவர். பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இல்லை. பார்ப்பவர் மனத்தை என்னவோ செய்யும் படங்கள்.

என்றாலும், மனிதர் இல்லாத அந்த அழகைப் பார்த்து மட்டும் நாம் முடிவு கட்டிவிடலாகாது. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய முற்ற வீட்டில் 1949-க்குப் பிறகு பல குடும்பங்கள் குடியேறின. 1976-இல் தாங்ஷான் பூகம்பம் வந்தபின் முற்றத்திலேயே தற்காலிகக் குடிசைகள் எழுந்து, பிறகு அவை நிரந்தரமாயின. முற்றம் என்பதே மறைந்து, ஒருவர் ஒதுங்கிச் செல்லும் இடைவழியாகிவிட்டது. தண்ணீருக்கு ஒரே குழாய். குளிர்காலத்தில் நிலக்கரிக் கட்டி எரித்துத்தான் அறையைச் சூடாக்க வேண்டும். கழிப்பிடமோ தெரு மூலையில், ஊருக்குப் பொதுவாக. நள்ளிரவில், உறைபனியில், கைக்குழந்தையோடு இருக்கும் தாய் ஒருத்தி அந்தத் தெரு மூலைக்கு நடந்து செல்வதை எண்ணிப் பாருங்கள். அவளிடம் போய், அம்மா, இந்தச் சந்து எவ்வளவு எழிலானது என்று சொல்ல நமக்கு நா எழுமா?

1990-களில் இந்தச் சுவர்களில் ஓர் எழுத்து தோன்றத் தொடங்கிற்று. வட்டத்துக்குள் வெள்ளைச் சாயத்தில் தீட்டிய ஒற்றைச் சீன எழுத்து. 'ச்சாய்' என்று ஒலிப்பது. இடித்துவிடு என்று பொருள். வாங் ஜின்சோங் என்ற கலைஞர் தெருத்தெருவாகச் சென்று அந்த எழுத்தை மட்டுமே படமெடுத்து, நூறு படங்களை 1999-இல் ஒரே தொகுப்பாக வைத்தார். வேறெதுவும் அதில் இல்லை. செங்கல்லில் ஒரு ச்சாய், கதவில் ஒரு ச்சாய், ஓட்டின் கீழே ஒரு ச்சாய். எண்ணிக்கையே அங்கு பேசுகிறது. இன்னொருவர் ஜாங் டாலி. இவர் 1995-இல் இத்தாலியிலிருந்து திரும்பி வந்து, இடிபடவிருந்த சுவர்களில் தம் தலையின் பக்கவாட்டு உருவத்தைச் சாயத்தால் தீட்டினார். சில சுவர்களில் அந்த உருவத்தின் வடிவிலேயே செங்கற்களைப் பெயர்த்து ஓட்டை போட்டார். 1998-இல் எடுத்த ஒரு படத்தில், உடைந்த சுவரின் தலை வடிவ ஓட்டை வழியே பழைய அரண்மனையின் மூலைக் கோபுரம் பொன்போல மின்னுகிறது. அரசன் வாழ்ந்த பழமைக்குப் பாதுகாப்பு. குடிமகன் வாழ்ந்த பழமைக்கு இடிப்பு. இதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரண்மனைக்குத் தெற்கே உள்ள சியன்மென் தெருவை, 2008 ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டி, இடித்துப் பழைய பாணியிலேயே புதிதாகக் கட்டித் திறந்தார்கள். இன்றோ இளம்பெண்கள் பழங்கால ஆடைகளை வாடகைக்கு எடுத்து, கொண்டையிட்டு, அரண்மனைச் சுவர்களின் முன்னே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் அஞ்சி எரித்த ஆடைகளின் சாயல் அதில் இருக்கிறது. அப்பிள்ளைகளின் மகிழ்ச்சி பொய்யென்று நாம் கூறவில்லை. பழமையைக் கண்டு அஞ்சிய காலம் போய், அதை உடுத்தி மகிழும் காலம் வந்திருப்பது நல்லதே.

வீட்டுக்குள்ளே புகுந்து பார்த்தவர் ஹுவாங் சிங்ஜுன். 2003-இல் தொடங்கி, நாட்டின் பல மூலைகளுக்கும் சென்று, குடும்பத்தாரைக் கெஞ்சிக் கேட்டு, வீட்டிலுள்ள எல்லாப் பொருள்களையும் வாசலில் பரப்பச் செய்தார். நடுவே குடும்பத்தார் அமர்ந்திருப்பார்கள். மண்சுவர் வீடு, அதன் முன்னே பானை, கூடை, மெத்தை, மண்வெட்டி, அவற்றோடு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கூடார வீடு, அதன் அருகே வட்டத் தட்டு வடிவ வானலை வாங்கி. நம் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் அத்தனையையும் தெருவில் பரப்பச் சொன்னால் நாம் சம்மதிப்போமா என்று எண்ணிப் பார்த்தால்தான் அவர் பெற்ற நம்பிக்கையின் அருமை புரியும். இங்கே பழையதும் புதியதும் எதிரெதிராக நிற்கவில்லை. ஒரே குடும்பத்தின் உடைமையாக, ஒன்றன்மீது ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. வாழ்க்கையும் அப்படித்தான் இருக்கிறது.

யாரும் கலை என்று எண்ணாத படங்களும் உண்டு. பெய்ஜிங்கின் புறநகரில் ஒருவர் பழைய நெகடிவ்களைக் குப்பையாகச் சேகரித்து, அவற்றிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து வந்தார். பிரெஞ்சுக்காரரான தாமஸ் சோவேன் 2009 முதல் அவரிடமிருந்து நெகடிவ்களை எடைக்கு வாங்கினார். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. 1985-ஐ ஒட்டிச் சாமானியர் கைக்குக் காமிரா வந்தது முதல், 2005-ஐ ஒட்டி பிலிம் மறைந்தது வரையிலான இருபது ஆண்டுகள். அவற்றுள் திரும்பத் திரும்ப வருவது ஒரு காட்சி: தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின்மீது ஒரு கையை வைத்து, நல்ல உடை உடுத்தி, நேராகக் காமிராவைப் பார்க்கும் பெண். ஒரு பெட்டிக்கு இவ்வளவு பெருமையா என்று நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வெள்ளிக்காக உருக்கப்பட்டிருந்தால் அவளுடைய அந்தப் பெருமையும் உருகிப் போயிருக்கும்.

இனி நம் சமுதாயத்துக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம்.

பெய்ஜிங்கில் நியூஜியே, அதாவது மாட்டுத் தெரு, என்னும் பகுதி முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் இடம். அங்குள்ள பள்ளிவாசல் 996-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது என்பர். வெளியே இருந்து பார்த்தால் சீனக் கோயிலென்றே தோன்றும்: வளைந்த ஓட்டுக் கூரை, வண்ணம் தீட்டிய மரத்தூண்கள். உள்ளே சென்றால் அரபு எழுத்துகள் பொன் வண்ணத்தில் ஒளிர்கின்றன. முகப்பில் ஆறு கோண வடிவில் ஒரு மாடம் உண்டு. ரமலான் பிறையைப் பார்ப்பதற்காக அமைத்தது. 1997-இல் தொடங்கிய புனரமைப்பில் பள்ளியைச் சுற்றியிருந்த சந்துகளும் தாழ்ந்த வீடுகளும் மறைந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இன்று வருவோர் அனைவரும் ஓட்டுக் கூரையையும் அதன் பின்னே உயர்ந்த குடியிருப்பையும் ஒரே படத்தில் அடக்குகிறார்கள்.

ஹெனான் மாநிலத்தின் கைஃபெங் நகரில் பெண்களுக்கென்றே தனிப் பள்ளிவாசல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று 1820-இல் தோன்றியதாகக் கூறப்படுகிறது. கல்வி பெற்ற பெண் ஆலிமாக்கள் அங்கே பெண்களுக்குத் தொழுகை நடத்தி, மார்க்கம் போதிக்கிறார்கள். படமெடுக்க வருவோர் பலர் இதைக் கவனியாமல் கடந்துவிடக் கூடும். குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. ஒரு சீன முற்ற வீடு போலத்தானே இருக்கிறது!

இங்கேதான் படத்தை வாசிப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். சீன உட்பகுதிகளில் நெடுங்காலப் பள்ளிவாசல் மரபு என்பது ஓட்டுக் கூரைதான். குவிமாடங்கள் பெரும்பாலும் 1980-களுக்குப் பிறகு, ஹஜ்ஜுக்கும் அரபு நாடுகளுக்கும் சென்று வந்த மக்கள் விரும்பிக் கட்டியவை. நிங்சியா பகுதியின் வெய்ஜோ ஊரில் இருந்த பழைய பள்ளிவாசல் கலாசாரப் புரட்சியில் அழிந்தது. பிற்காலத்தில் குவிமாடங்களோடு பெரிய பள்ளியைக் கட்டினார்கள். 2018-இல் அதை இடிக்கப் போவதாக அதிகாரிகள் அறிவித்தபோது ஊரார் திரண்டு வந்து பள்ளியைச் சூழ்ந்து நின்றார்கள். இடிப்பு நின்றது, ஆனால் பின்னர் குவிமாடங்கள் அகற்றப்பட்டு, சீனக் கூரைகள் அமைக்கப்பட்டன. யுன்னான் மாநிலத்தின் ஷாடியன் பெரிய பள்ளிவாசலும் 2024-க்குள் இவ்வாறே மாற்றப்பட்டது.

கிறிஸ்தவப் போதகரான கிளாட் பிக்கன்ஸ் 1930-களில் சீனத்தின் வடமேற்குப் பகுதிகளில் சுற்றி, முஸ்லிம்களின் வாழ்வை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் பதிவு செய்திருக்கிறார். அவற்றிலும் ஓட்டுக் கூரைப் பள்ளிகளைக் காண்கிறோம். அந்தப் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று, கட்டியவர்கள் தம் விருப்பப்படி அமைத்த கூரை. மற்றொன்று, ஆணையின்பேரில் ஏற்றிய கூரை. காமிராவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. படத்தோடு ஆண்டும் ஊரும் அங்கே நடந்ததும் எழுதப்பட்டிருந்தால் ஒழிய நமக்கும் தெரியாது. மேற்கே காஷ்கர் நகரில் 2009 முதல் பழைய மண்வீட்டுப் பகுதியின் பெரும்பகுதி இடித்துக் கட்டப்பட்டது. பூகம்பத்தில் இடியும் அபாயம் என்பதே அரசு கூறிய காரணம். அந்த அபாயம் மெய்யானதே. ஆயினும் குடியிருந்தவர்கள் எத்தனை பேர் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பதற்கு இன்று சான்று, அதற்கு முன் எடுத்த படங்களே.

முன்னமே விழித்துக்கொண்ட ஒருவரையும் சொல்லியாக வேண்டும். சுவான்ஜோ என்பது அரபு, பாரசீக, தமிழ் வணிகர்கள் வந்து தங்கிய பழைய துறைமுகம். அங்கே 1009-இல் கட்டிய பள்ளிவாசலின் கற்சுவர்கள் இன்றும் நிற்கின்றன. நகரின் பழைய கோட்டைச் சுவர்கள் பிற்காலத்தில் இடிக்கப்பட்டபோது, சுவருக்குள் கல்லோடு கல்லாக வைத்துக் கட்டியிருந்த மீஸான் கற்களும் சிற்பங்களும் வெளிவந்தன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றின் படங்களையும் வாசகங்களையும் கொண்ட நூலை 1957-இல் வெளியிட்டார். அரபு எழுத்துள்ள கப்ருக் கற்கள் மட்டுமல்ல, இந்துக் கோயில் சிற்பங்களும் அவற்றுள் உண்டு. 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் அந்நகரில் கிடைத்திருக்கிறது. புதிய நகரம் எழுப்புவோருக்கு அவை வெறும் கல். அவருக்கு அவை முகவரி.

அந்த வணிகத் தொடர்பு இன்றும் அறுபடவில்லை. நம்மவர்கள் பலர் சரக்கெடுப்பதற்காகக் குவாங்சௌவுக்கும் ஈவூவுக்கும் சென்று வருகிறார்கள். திரும்பும்போது கைத்தொலைபேசியில் கொண்டு வரும் படங்களில் 2010-இல் திறந்த 600 மீட்டர் குவாங்சௌ கோபுரம் தவறாமல் இருக்கும். அதே நகரின் பழைய பகுதியில் ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் உள்ளது. அதன் மினாரா ஏறத்தாழ 36 மீட்டர் உயரம், வெள்ளை நிறம், வழவழப்பான உருளை வடிவம். ஆற்றில் வந்த கப்பல்களுக்கு ஒரு காலத்தில் அதுவே கலங்கரை விளக்கம். அன்று நெடுந்தொலைவிலிருந்தே மாலுமிகளுக்குத் தெரிந்தது. இன்று கட்டடங்களின் நடுவே நெருங்கிச் சென்றால்தான் தெரிகிறது.

உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் அடுத்த முறை அங்கே செல்வதாக இருந்தால், ஜும்ஆவுக்குச் செல்லும்போது அந்த மினாராவைப் படமெடுத்து வரச் சொல்லுங்கள். பள்ளியை அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு அவரையும் எடுக்கட்டும். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அந்தக் கடைக்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்பதையும் கேட்டு, நாளையும் தெருவின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும். உங்கள் பாட்டனார் காலத்தில் பினாங்கு, ரங்கூன், ஹாங்காங் பக்கம் சென்றவர்கள் எடுத்த பழைய படங்கள் பெட்டியில் இருந்தால், அவற்றில் இருப்போரின் பெயர் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் பின்புறம் குறித்து வையுங்கள். பேனா மை படத்தின் மறுபுறம் ஊறிவிடும்.